நாக்கோ கண்ணாடி ஒன்னுகூட உடையல, இது ‘பெச்சா ரூமா’ (வீடு உடைத்தல்) ஆகுமா?

மீனா, ஜெலுத்தோங்

வணக்கம். இங்க படிக்க மட்டும்தான் வருவேன். எழுதறது இதுதான் முதல் தடவை, நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் ராத்திரி ரதம் பார்க்க குடும்பத்தோட தண்ணீர்மலைக்குப் போனோம். 9 மணிக்குக் கிளம்பி, திரும்பி வரும்போது 2 மணி தாண்டிருச்சு. முன்கதவு, கிரில் எல்லாம் பூட்டினது பூட்டினபடியே இருந்துச்சு. சமையல்கட்டு லைட்டைப் போட்டா, பின் சந்து பக்கம் இருக்கிற நாக்கோ ஜன்னல்ல (பட்டை பட்டையா கண்ணாடி சொருகினது) நாலு கண்ணாடியைக் காணோம். நாலும் வாஷிங் மெஷின் மேல ஒன்னு மேல ஒன்னா அடுக்கி இருக்கு. ஒரு கீறல் இல்ல. அந்த ஜன்னலுக்கு மட்டும் நாங்க கிரில் போடல, சின்ன ஜன்னல்தானேன்னு விட்டுட்டோம்.

போனது: அத்தையோட ஒரு ஜோடி வளையல், என் மகளோட சங்கிலி, மைலோ டின்ல வச்சிருந்த 1,800 வெள்ளி ரொக்கம்.

இதுல ஒரு கூத்து. போலீஸ் வர்றதுக்குள்ள அத்தை அந்தக் கண்ணாடிகளை சோப்பு போட்டுக் கழுவி மாட்டிட்டாங்க. “திருடன் கை பட்டது வீட்டுல அப்படியே இருக்கக்கூடாது”ன்னு. மூணுதான் மாட்ட முடிஞ்சுது. நாலாவதுக்கு கிளிப் வளைஞ்சு போச்சு, அதனால அது மட்டும் கழுவாம ஓரமா இருந்துச்சு. போலீஸ்காரர் அதுலதான் பவுடர் தடவி ரேகை எடுத்தாரு.

ஆறு நாள் கழிச்சு ஒருத்தனைப் பிடிச்சாங்க. அவன்கிட்ட ஒரு வளையல் இருந்துச்சாம். செக்‌ஷன் 457ல கேஸ், ராத்திரி வீடு உடைச்சதுக்கு. அடுத்த மாசம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரச் சொல்லி எனக்கும் அத்தைக்கும் சபினா வந்திருக்கு.

என் கொழுந்தனார் சொல்றாரு, எதையும் உடைக்கலைன்னா அது எப்படி பெச்சா ரூமா, நல்ல லாயர் வச்சா அவன் வெளிய வந்துருவான்னு. அதைவிட பெரிய பயம் எனக்கு இதுதான்: என் ரிப்போர்ட்ல ‘ஜன்னலை உடைத்து’ன்னு மலாய்ல அடிச்சிருக்கு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. அந்த நேரத்துல படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அவன் உள்ள வந்ததை யாரும் பார்க்கவும் இல்ல. இதை எப்படித்தான் நிரூபிப்பாங்க?

குமார், பட்டர்வொர்த்

உங்க கொழுந்தனார் சொல்றது சரிதான் சிஸ்டர். என் மோட்டர் பட்டறையில பட்டப்பகல்ல ஒருத்தன் உள்ள பூந்து டூல் பாக்ஸைத் தூக்கிட்டுப் போனான். செக்ஷன் 380தான் போட்டாங்க, வெறும் திருட்டுன்னு. ஏன்னு கேட்டா, “எதுவும் பெச்சா ஆகலையே”ன்னாங்க. உடைச்சாத்தான் உடைப்பு லா.

ஆனா ஒன்னும் கவலைப்படாதீங்க. பிடிபட்டவன் லோக்கப்புல ஒத்துக்கிட்டிருப்பான். அதுக்கப்புறம் என்ன நிரூபிக்கிறது? 14 வருஷம் உள்ள.

துபாஷி

மீனாம்மா, முதல்ல பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க. நான் பினாங்கு, பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம் கோர்ட்டுகளில் ஜுருபஹாசாவாக 31 வருஷம் இருந்தவன். வக்கீல் இல்லை. தமிழ் சாட்சிகள் சொன்னதை மலாயில் ஜட்ஜ் காதில் போட்டவன், அவ்வளவுதான். ஆனால் 457 எத்தனை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

குமார் தம்பி சொன்னதில் ரெண்டு தப்பு இருக்கு.

முதல் தப்பு அந்த ‘உடைப்பு’. மலாயில் பெச்சா ரூமா, தமிழில் வீடு உடைத்தல். ரெண்டிலும் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. சட்டம் கேட்பது என்ன உடைந்தது என்றில்லை, எந்த வழியாக வந்தான், எப்படி வந்தான் என்றுதான். கனுன் கெசெக்ஸாஆன், அதாவது தண்டனைச் சட்டம், 445இல் ஆறு வழி எழுதியிருக்கு. சுவரில் தானே ஓட்டை போட்டு நுழைவது ஒன்று. மனுஷன் நடமாட வைக்காத வழியாக நுழைவது, அல்லது சுவர் ஏறிக் குதித்து வருவது இன்னொன்று. சாத்தியிருந்ததைத் திறப்பது, பூட்டைத் திறப்பது, ஆளை அடித்தோ மிரட்டியோ நுழைவது என்று மிச்சம் போகும். உங்கள் நாக்கோ ஜன்னல் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வைத்தது, ஆள் வருவதற்கு இல்லை. அதில் கண்ணாடியைக் கழற்றி வழி செய்துகொண்டு வந்திருக்கிறான். நாலு கண்ணாடியும் முழுசாக இருந்தால் என்ன, நொறுங்கி இருந்தால் என்ன?

அந்தப் பிரிவின் அடியில் சின்னச் சின்ன உதாரணங்கள் இருக்கும். எனக்குப் பிடித்தது ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரன் சாவியைத் தொலைத்துவிடுகிறான், வேறொருத்தன் அதைக் கண்டெடுத்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே போகிறான். அதுவும் வீடு உடைத்தல்தான். பூட்டுக்குக் கூட வலிக்காது! கதவில் இருக்கும் துளை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது இன்னொரு உதாரணம். கப்பலின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஊர்ந்து போகிறவன்கூட அதில் வருகிறான். ஆங்கிலேயர் மெக்காலே காலத்து எழுத்து அது. இந்தியாவில் 1860இல் சட்டமாகி, 1870களில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1இல் பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துவிட்டார்கள். நம் மலேசியாவில் இன்னும் அதே எண்கள்தான்.

திறந்த வாசல் வழியாக வந்து, போகும்போது பூட்டைத் திறந்துகொண்டு போனாலும் 445 சேரும். உள்ளே முழு உடம்பும் வர வேண்டியதில்லை, கையை மட்டும் விட்டாலும் போதும். வீடு என்றால் குடியிருக்கும் வீடு மட்டும் இல்லை, கோயில், சாமான் வைக்கும் கிடங்கு எல்லாம் வரும். குமார், உங்கள் பட்டறை திறந்து கிடந்தது, அவன் வாசல் வழியாக நடந்து வந்தான். அதனால்தான் 380, கட்டடத்துக்குள் திருட்டு. அதுவும் லேசு இல்லை, 10 வருஷம் வரை போகும்.

ரெண்டாவது தப்பு, ‘ஒத்துக்கிட்டான்’. தம்பி, போலீஸிடம் கைதி சொன்ன வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகக் கோர்ட்டில் வைக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 113 அதற்குத்தான் கதவைச் சாத்தியிருக்கு. ஒரு சின்ன சந்து மட்டும் உண்டு, சாட்சியச் சட்டம் 27. “வளையலை இந்த இடத்தில் ஒளித்து வைத்திருக்கேன்” என்று காட்டி, அங்கே வளையல் கிடைத்தால், அந்தக் கிடைத்த பொருளோடு ஒட்டின பேச்சு மட்டும் உள்ளே வரும். மீதி எல்லாம் வெளியே.

அப்போ எதை நிரூபிக்கணும்? அது உங்கள் வீடு, நீங்கள் விடவில்லை, அவன் திருடும் எண்ணத்தோடு அந்த வழியாக வந்தான், பொழுது சாய்ந்து விடியும் முன் வந்தான். இந்த நேர விஷயத்தைச் சும்மா நினைக்காதீங்க. 457 ராத்திரிக்கு, 454 பகலுக்கு. ஒரு குடும்பம் சனிக்கிழமை காலையில் ஈப்போ போய் ஞாயிறு ராத்திரி வந்தது. வீடு காலி. ராத்திரி நடந்ததா பகலில் நடந்ததா என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. டிபிபி (அரசுத் தரப்பு வக்கீல்) கடைசியில் குற்றச்சாட்டைத் திருத்தினார். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, 9 மணியிலிருந்து 2 மணி வரை முழுக்க ராத்திரி. அதனால் வீட்டைப் பூட்டின நேரத்தையும் திறந்த நேரத்தையும் மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்க.

ரிப்போர்ட்டில் ‘உடைத்து’ என்று இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் பிடிப்பார். “ரிப்போர்ட்டில் உடைத்து என்கிறீர்கள், படத்தில் கண்ணாடி முழுசாக இருக்கே, எது பொய்?” என்பார். நீங்கள் அசைய வேண்டாம். கழற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன், அப்படித்தான் சொன்னேன், அடித்தவர் அப்படி அடித்தார், அந்த ராத்திரி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நடந்ததைச் சொல்லுங்க. ரிப்போர்ட் என்பது விசாரணையைக் கிளப்பிவிடும் முதல் தகவல். எல்லாம் அதிலேயே இருக்கணும் என்று ஜட்ஜுகள் எதிர்பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டுக்கு ஏற்ற மாதிரி கதையை மாற்றினால்தான் மாட்டிக்குவீங்க.

கவிதா, சட்டம் 3ஆம் வருஷம், கேஎல்

துபாஷி அங்கிள் சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். குமார் அண்ணே, 14 வருஷம்ங்கிறது 457ல திருட்டு எண்ணம் இருந்தா சட்டம் வைக்கிற உச்சம். கேஸ் நடக்கறது மாஜிஸ்திரேட் கோர்ட்டுல. சாதாரணமா 10 வருஷத்துக்கு மேல தண்டனை உள்ள கேஸை மாஜிஸ்திரேட் தொட முடியாது. 1948ஆம் வருஷ கீழ்க்கோர்ட்டுச் சட்டத்துல 392க்கும் (கொள்ளை) 457க்கும் மட்டும் பேர் சொல்லி விதிவிலக்கு கொடுத்திருக்காங்க. ஆனா அவர் போடற சிறைத்தண்டனை பொதுவா 5 வருஷத்தைத் தாண்டாது. பழைய குற்றப் பதிவு இருந்தா நிலைமை மாறும்.

மீனாக்கா, யாரும் பார்க்கலைன்னா என்ன, சாட்சியச் சட்டம் 114ல ஒரு ஊகம் இருக்கு. திருட்டு நடந்த கொஞ்ச நாள்லயே அந்தப் பொருள் ஒருத்தன் கையில இருந்து, எப்படி வந்துச்சுன்னு அவனால சரியா சொல்ல முடியலைன்னா, அவன்தான் திருடன், இல்ல திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினவன்னு கோர்ட்டு எடுத்துக்கலாம். எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, எடுத்துக்கலாம். ஆறு நாள் ரொம்பக் குறைவு, அது உங்க பக்கம். உள்ள வந்தவன் இவன்தான்னு நிக்கலைன்னா, திருட்டுப் பொருள் வச்சிருந்ததுக்கு 411ஐ மாற்றுக் குற்றச்சாட்டா டிபிபி வைக்கலாம்.

பக்கத்துல சிசிடிவி இருந்துச்சா?

மீனா, ஜெலுத்தோங்

ஐயா, கவிதா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சாவி கதையை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன், சிரிச்சாங்க. கொழுந்தனார் சிரிக்கல.

சிசிடிவி இருக்கு. மூணு வீடு தள்ளி ஒரு சீனர் வீட்டுல. 11.40க்கு சந்துல ஒரு ஆள் நடந்து போறது தெரியுது, முகம் தெரியல. தொப்பி போட்டிருக்கான்.

வளையல்தான் எனக்குக் கவலை. ஸ்டேஷன்ல காட்டினப்போ அத்தை, “ஆமாப்பா, எங்க வளையல் மாதிரிதான் இருக்கு”ன்னாங்க. ஐஓ (விசாரணை அதிகாரி) தலையை ஆட்டினாரு. அவன் அதை ஏதோ பழைய சாமான் சந்தையில வாங்கினேன்னு சொல்றானாம்.

துபாஷி

ஐயோ, ‘மாதிரி’!

மீனாம்மா, 31 வருஷத்தில் என் பிராணனை வாங்கின சொல் அதுதான். நம்ம ஆளுங்களுக்கு அது வாயில் ஒட்டிக்கிட்ட சொல். “அவர் அண்ணன் மாதிரி வந்தாரு”, “பயந்த மாதிரி இருந்துச்சு”, “எங்க வளையல் மாதிரி இருக்கு”. சொல்கிறவர் மனசில் சந்தேகமே இருக்காது. ஆனால் நான் அதை மலாயில் என்ன சொல்வேன்? செரூபா என்றுதான் சொல்லணும், போல இருக்கு என்று. நானாக ‘இதுதான்’ என்று மாற்றிச் சொன்னால் நான் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். உடனே வக்கீல் எழுந்து நிற்பார்: “பார்த்தீங்களா, சாட்சி போல இருக்கு என்றுதான் சொல்கிறார், அதே பொருள் என்று சொல்லவில்லை.” ஒரு கிழவி தன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு “என் தாலி மாதிரிதான் இருக்கு” என்று அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூண்டுக்கு அடியில் நின்று மொழிபெயர்த்தவன் நான்.

‘இருக்கும்’ என்பதும் அப்படித்தான். “9 மணி இருக்கும்” என்பது நமக்கு 9 மணி. கோர்ட்டில் அது கிட்டத்தட்ட 9.

அதனால் அத்தையை உட்கார வைத்துச் சும்மா பேசிப் பாருங்க. சொல்லிக் கொடுக்காதீங்க, அது வேறு பிரச்சினை. அந்த வளையலில் கடையில் இருக்கும் ஆயிரம் வளையலில் இல்லாதது என்ன? எடை, ரசீது, கல்யாணப் படம், அடிபட்ட இடம், பற்ற வைத்தது. ரெண்டு வளையலில் எது போச்சு, எது கிடைத்தது என்று சொல்ல முடியுமா?

ரேகையைப் பற்றி ஒன்று. அந்தக் கழுவாத கண்ணாடியில் எந்தப் பக்கம் ரேகை எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்க. வெளிப்பக்கம் என்றால் சந்தில் போனவன் தொட்டான் என்று ஒரு வக்கீல் கதை கட்டலாம். உள்பக்கம் என்றால், உங்களுக்குத் தெரியாத ஒருத்தன் கை அங்கே எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு அவன்தான் பதில் தேடணும். ரேகை எடுத்தவர், உறையில் போட்டவர், நிபுணர், ஒவ்வொருத்தரும் வந்து ‘நான் வாங்கினேன், நான் கொடுத்தேன்’ என்று சொல்லணும். நடுவில் ஒரு கை விட்டுப் போனால் சங்கிலி அறுந்தது. கழுவின மூணு கண்ணாடிக்காக அத்தையைத் திட்டாதீங்க. கேட்டால் கழுவினேன் என்று சொல்லட்டும்.

சிசிடிவி முகம் காட்டாவிட்டாலும் நேரம் காட்டுகிறது. ஆனால் அந்த நேரம் சரியா என்று அந்த வீட்டுக்காரர் வந்து சொல்லணும், இல்லை அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் சாட்சியச் சட்டம் 90A சான்றிதழ் கொடுக்கணும். பல வீட்டு சிசிடிவி கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஓடும்.

மீனா, ஜெலுத்தோங்

ஐயா, கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்ல. “திருகு” அப்படின்னாங்க. பொங்கலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வளையல் திருகு தொலைஞ்சு போச்சு. பத்தர் தங்கத்துல செய்ய நாளாகும்னு ஒரு வெள்ளிக் கம்பியை வளைச்சுப் போட்டுக் கொடுத்தாரு. அது கழண்டுறக்கூடாதுன்னு அத்தை சிவப்பு நூலை மூணு சுத்து சுத்தி வச்சாங்க. நூல் இப்போ இருக்கோ என்னவோ, கம்பி இருக்கணும். ஸ்டேஷன்ல அதை அவங்க சொல்லவே இல்ல, யாரும் கேட்கல. ஐஓக்கு போன் பண்ணிச் சொன்னேன், கூடுதலா ஒரு வாக்குமூலம் எடுக்க வரச் சொல்லியிருக்காரு.

குமார், பட்டர்வொர்த்

சரி சரி, நான் தப்புன்னு ஒத்துக்கறேன், ஆனா போலீஸ்கிட்ட இல்ல.

துபாஷி அங்கிள், ஒரு சந்தேகம். போர்ச்சுல விட்ட செருப்பைத் தூக்கிட்டுப் போறான். அது?

துபாஷி

கேட்டைத் தாண்டி வந்தால் அத்துமீறல், செருப்பை எடுத்தால் திருட்டு. போர்ச் வீட்டோடு சேர்ந்த கட்டடமா, திறந்த முற்றமா என்று ரெண்டு வக்கீல் ஒரு காலை முழுக்கப் பேசலாம். உங்கள் செருப்பு என்ன விலை?

மீனா, ஜெலுத்தோங்

போன வாரம் போயிட்டு வந்தோம், சொல்லணும்னு நினைச்சேன்.

நான் எஸ்பி2, அதாவது அரசுத் தரப்பு ரெண்டாவது சாட்சி, அத்தை எஸ்பி3. எங்களை மாறி மாறி வெளிய உட்கார வச்சுட்டாங்க, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்கக்கூடாதாம். என் முறை வந்தப்போ, ஐயா சொன்னபடியே அந்த லாயர் ‘உடைத்து’ன்னு ஆரம்பிச்சாரு. நான் கழட்டி வச்சிருந்தது, அடுக்கி இருந்தது, வாஷிங் மெஷின் மேலன்னு சொன்னேன். அவர் அதையே நாலு விதமா கேட்டாரு, நான் நாலு தடவையும் வாஷிங் மெஷின்லயே நின்னேன்.

அத்தை வெளிய வந்து சொன்னது: வளையலை ஒரு பிளாஸ்டிக் உறையில வச்சு, பி5ன்னு சாட்சிப் பொருள் எண் போட்ட சீட்டு ஒட்டிக் கொடுத்தாங்களாம். கையில வாங்கின உடனே திருப்பி, கம்பியைத் தேடிப் பிடிச்சு ஜட்ஜுக்கு நீட்டிக் காட்டியிருக்காங்க. நூல் இல்ல, ஆனா கம்பிக்கு அடியில சிவப்புத் திரி ஒன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். ஜுருபஹாசா ஒரு சின்னப் பொண்ணு. “உங்க வளையல் மாதிரி இருக்கா பாட்டி?”ன்னு கேட்டுச்சாம். அத்தை, “மாதிரி இல்லடி, இதுதான்”னு சொல்லிட்டாங்க.

கேஸ் முடியல. ரேகை நிபுணர் வரணும், அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு தேதி கொடுத்திருக்காங்க. ஐயா, வளையலை எப்போ திருப்பிக் கொடுப்பாங்க? பேத்திக்குக் காது குத்து வருது, அதுக்குப் போடணும்னு அத்தை நச்சரிக்கிறாங்க.

துபாஷி

பி5 என்று எண் விழுந்துவிட்டால் பொதுவாகக் கேஸ் முடிகிற வரை கோர்ட்டு வசம்தான். முடிந்த பிறகு அப்பீல் போனால் அதுவும் ஆகணும். அடுத்த தேதியில் டிபிபியிடம் நேரில் கேளுங்க, படம் எடுத்து வைத்துக்கொண்டு முன்னாலேயே கொடுக்க மனு போட முடியுமா என்று. எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் சுலபம். ஐசி (அடையாள அட்டை), ரசீது இருந்தால் ரசீது, கல்யாணப் படம் எல்லாம் கையோடு கொண்டு போங்க. காது குத்துக்கு இந்த வளையலை நம்பி தேதி வைக்காதீங்க.

அந்த ஜன்னலுக்குக் கிரில் போட்டாச்சா?

மீனா, ஜெலுத்தோங்

போட்டாச்சு ஐயா. 280 வெள்ளி.